ஒரு ஸ்டாப்பரின் ஆட்டவாழ்வை எழுதுவது எப்படி: சுரிநாமின் முன்னாள் அணித்தலைவர் ரயன் டொங்க்கை முன்வைத்து ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில், கால்பந்துக் கழகங்கள் வெள்ளி விழாவும் பொன்விழாவும் கொண்டாடும்போது மலர் வெளியிடுவதும், அதில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவதும் வழக்கம். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். முன்கள ஆட்டக்காரரைப் பற்றிய பக்கத்தில் எந்தப் போட்டியில், யாருக்கு எதிராக, எத்தனை கோல் என்ற விவரம் இருக்கிறது. ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவராக, ஆடியவரின் பக்கத்திலோ ‘இரும்புச் சுவர்’, ‘எதிரணியின் சிம்மசொப்பனம்’ போன்ற அடைமொழிகளைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. கோல் விழாமல் காத்தவரின் வேலை எண்ணிக்கையில் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவருடைய ஆட்டவாழ்வை அடைமொழி இல்லாமல், ஆதாரத்தோடு எழுத முடியும். எழுதும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஆள் நம் ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இல்லாமலிருப்பதே நல்லது, ஏனெனில் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றித் தவறாக எழுதினால் திருத்துவதற்கு முன்பே சண்டை வந்துவிடும். தென் அமெரிக்காவிலுள்ள சுரிநாமின் தேசிய அணிக்குத் தலைமை தாங்கி, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ரயன் டொங்க்கை நான் பரிந்துரைக்கிறேன். லோனில் (ஒப்பந்தம் ஒரு கழகத்தில் இருக்க, தற்காலிகமாக வேறொரு கழகத்துக்கு ஆட) போன பருவம், தான் இல்லாதபோது தன் கழகம் வென்ற பட்டம், இடையில் மாறிய ஆட்ட இடம், பிறந்த நாடு ஒன்றும் ஆடிய நாடு வேறொன்றுமாக இருப்பது, ஆட்டவாழ்வின் கடைசிக் கட்டத்தில் வந்த தலைமை என்று, ஒரு தடுப்பாட்டக்காரரை எழுதுபவருக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அவருடைய ஒரே வாழ்வில் இருக்கின்றன. விவரங்களை யாரும் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

முதல் வேலை: பருவவாரியான தாள்

எழுதத் தொடங்குவதற்கு முன், ஒரு தாளில் பருவம், கழகம், நாடு, ஒப்பந்தமா லோனா, அந்தப் பருவத்தில் கழகம் பெற்ற இடம் ஆகியவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாளில் ஒரு அடைமொழியும் வரக்கூடாது. டொங்க்கின் தாளைப் பத்தியாக விரித்தால் இப்படி வரும்:

1986 மார்ச் 30 அன்று ஆம்ஸ்டர்டாமில், சுரிநாம் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த ரயன் டொங்க், நெதர்லாந்தின் ஆர்.கே.சி. வால்வைக் கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, 2006இல் ஏ.ஸெட். ஆல்க்மார் கழகத்துக்குச் சென்றார். 2007இல் நெதர்லாந்தில் நடந்த 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் கோப்பை வென்ற நெதர்லாந்து அணியில் இடம்பெற்றிருந்தார். இறுதியாட்டத்தில் அந்த அணி செர்பியாவை 4–1 என வென்றது. 2008–09 பருவத்தில் இங்கிலாந்தின் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியனுக்கு லோனில் ஆடினார். 2009 முதல் 2013 வரை பெல்ஜியத்தின் கிளப் புரூகே, பிறகு இஸ்தான்புல்லின் காசிம்பாஷா, 2016 ஜனவரியில் அதே நகரின் கலாத்தாசராய் என்று கழகங்கள் மாறின. இடையில் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்கு லோனில் போய் வந்தார். கலாத்தாசராயில் 2017–18, 2018–19 ஆகிய இரண்டு துருக்கி லீக் பட்டங்களை வென்றார். 2021இல் மீண்டும் காசிம்பாஷாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜூலையில், வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பின் கோல்டு கோப்பையில் சுரிநாம் அணிக்குத் தலைமை தாங்கினார்.

இந்தப் பத்தியில் அவரைப் பாராட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்து முடிக்கும்போது ஒரு ஆளின் வடிவம் கிடைத்துவிடுகிறது. ஐந்து நாட்டு லீகுகளில் ஒருவரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதை விடப் பெரிய நற்சான்று ஒரு ஸ்டாப்பருக்கு வேறு என்ன வேண்டும்?

பருவத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. பெரும்பாலான ஐரோப்பிய லீகுகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. ஆகவே ‘2008இல் ஆடினார்’ என்று எழுதினால் எந்தப் பருவம் என்று தெரியாது, ‘2008–09’ என்றே எழுத வேண்டும். நம் பக்கத்துச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிகளும் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி அடுத்த ஆண்டின் கோடை வரை நீளுவதால், கழகக் கணக்குப் புத்தகத்தில் உள்ள ஆண்டும் கோப்பையில் பொறித்த ஆண்டும் ஒன்றுக்கொன்று ஓராண்டு தள்ளி நிற்பது உண்டு. இரண்டையும் குறித்துவைத்துவிட்டுப் பிறகு ஒப்பிடலாம்.

இல்லாத பட்டத்தைக் கொடுக்காதீர்கள்

மேலே உள்ள பத்தியில் 2008–09 பருவத்தை மறுபடி பாருங்கள். அந்தப் பருவத்தில்தான், லூயி வான் கால் பயிற்சியாளராக இருந்த ஏ.ஸெட். நெதர்லாந்து லீகின் சாம்பியன் ஆனது. டொங்க் ஏ.ஸெட். கழகத்தின் ஒப்பந்த ஆட்டக்காரர். ஆனால் அவர் ஆடிக்கொண்டிருந்ததோ வெஸ்ட் புரோம்விச்சில், அந்தக் கழகமோ பிரீமியர் லீகின் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்நிலைக்கு இறங்கியது. அவசரமாக எழுதுபவர் ‘ஏ.ஸெட். கழகத்தில் 2006 முதல் 2009 வரை; 2009இல் சாம்பியன்’ என்று இரண்டு வரியில் எழுதிவிடுவார். இரண்டு வரியும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் படித்தால் பொய். இப்படிப்பட்ட இடத்தில் மூன்று கேள்விகளைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது: அந்தப் பருவத்தில் அவர் கழகத்தின் பட்டியலில் இருந்தாரா, ஆட்டத்துக்கான பட்டியலில் இருந்தாரா, களத்தில் இறங்கினாரா. மூன்றும் வெவ்வேறு.

இதே சிக்கல் நம் ஊரில் கெஸ்ட் ஆட்டக்காரர் என்ற பெயரில் வருகிறது. செவன்ஸ் போட்டிகளில் ஒரு கழகத்தின் ஸ்டாப்பர் வேறொரு கழகத்தின் சட்டையில் ஒரே ஒரு போட்டிக்கு மட்டும் போய் ஆடுவார். கோப்பை அந்தக் கழகத்துக்குப் போகும், பணம் இவருக்கு வரும், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மலரில் அந்தக் கோப்பை சொந்தக் கழகத்தின் கணக்கில் ஏறும். கெஸ்ட்டாகப் போனதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. வெளியூர்க் கழகம் பணம் கொடுத்து அழைத்தது என்பதே அவருடைய தரத்துக்கான நேரடிச் சான்று. அதை அப்படியே எழுதினால் கோப்பையைத் தன் கழகத்தில் ஏற்றி எழுதியதை விட அவருக்குப் பெருமை அதிகம்.

பட்டம் இல்லாத ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது. டொங்க் இருந்த நான்கு பருவங்களில் கிளப் புரூகே பெல்ஜியத்தின் லீக் பட்டத்தையோ உள்நாட்டுக் கோப்பையையோ வெல்லவில்லை. அதைக் காரணம் காட்டி அந்த நான்கு ஆண்டுகளை ஒரே வரியில் தள்ளிவிட்டால், இருபத்து மூன்று வயதிலிருந்து இருபத்தேழு வயது வரையிலான, ஒரு தடுப்பாட்டக்காரர் தன் தொழிலைக் கற்றுத் தேறும் காலம் முழுவதும் கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடும்.

எந்த இடத்தில் ஆடினார்

‘தடுப்பாட்டக்காரர்’ என்று மட்டும் எழுதுவது போதாது. டொங்க் அடிப்படையில் நடுப்பின்கள ஆட்டக்காரர். ஆனால் கலாத்தாசராயில் அவரைப் பல ஆட்டங்களில் தடுப்பு அரணுக்கு முன்னால், நடுக்களத்தில் நிறுத்தினார்கள். இந்த மாற்றத்தைக் குறிப்பிடாமல் அவருடைய கோல்களையும் பாஸ்களையும் பற்றி எழுதினால் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். இடம் மாறிய ஆண்டு, மாற்றிய பயிற்சியாளர், மாற்றியதற்கான காரணம் ஆகியவற்றில் எவை உறுதியாகத் தெரிகின்றனவோ அவற்றை எழுத வேண்டும்.

நம் ஊர் ஆட்டக்காரர்களில் இது இன்னும் சிக்கலானது, ஏனெனில் ஒரே ஆள் பதினொருவர் ஆட்டத்தில் ஸ்டாப்பராகவும் செவன்ஸில் வேறு இடத்திலும் ஆடியிருப்பார். செவன்ஸ் களம் சிறியது. பெரும்பாலான செவன்ஸ் போட்டிகளில், எதிரணியின் அரணைத் தாண்டி முன்கூட்டியே நின்று பந்தை வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியும் கிடையாது. ஆகவே, நால்வர் அரணை ஒரே கோட்டில் முன்னே நகர்த்தி எதிரணி முன்களத்தை ஆஃப்சைடில் விடுவது என்ற, ஸ்டாப்பரின் மிக நுட்பமான வேலைக்கு அங்கே இடமே இல்லை. அங்கே தேவைப்படுவது ஒருவருக்கு ஒருவர் நின்று மறிக்கும் திறமையும், பந்தைப் பறித்த உடனேயே முன்னால் கொடுக்கும் வேகமும். செவன்ஸில் புகழ்பெற்ற ஒருவரை எழுதும்போது ‘அரணை அருமையாக வழிநடத்தினார்’ என்று எழுதினால், ஆட்டம் தெரிந்தவர் சிரிப்பார். எந்த ஆட்டம் என்று முதலில் சொல்லிவிட்டு, அந்த ஆட்டத்துக்குரிய திறமையை எழுத வேண்டும்.

நாடு, மாநிலம், பிறப்பு

இந்தப் பகுதியில்தான் சுரிநாம் உதாரணம் நமக்கு மிகவும் பயன்படுகிறது. சுரிநாம் தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது; ஆனால் கால்பந்தில் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. நெதர்லாந்தின் ஆட்சியிலிருந்து 1975 நவம்பர் 25 அன்றுதான் விடுதலை பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் ஏராளமான குடும்பங்கள் நெதர்லாந்தில் குடியேறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நெதர்லாந்துக் குடிமக்களாக வளர்ந்தார்கள். சுரிநாம் சட்டம் பொதுவாக இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால், நெதர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஆட்டக்காரர்கள் சுரிநாமுக்கு ஆட முடியாத நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. பரமாரிபோவில் பிறந்த கிளாரன்ஸ் சீடார்ஃபும் எட்கர் டேவிட்ஸும் நெதர்லாந்துக்கு ஆடியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே நேரத்தில் சுரிநாம் அணி உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துப் போராடிக்கொண்டிருந்தது. 2019இல் ‘விளையாட்டுக் கடவுச்சீட்டு’ என்ற ஏற்பாடு வந்த பிறகுதான், நெதர்லாந்துக் குடியுரிமையை விடாமலேயே சுரிநாமுக்கு ஆடும் வழி திறந்தது.

இந்தப் பின்னணி இல்லாமல் ‘டொங்க் 2021இல் சுரிநாம் அணிக்கு ஆடினார்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் ‘முப்பத்தைந்து வயது வரை ஏன் ஆடவில்லை’ என்ற கேள்வி எழும்; விடை இல்லாவிட்டால் அவராகவே ஒரு தவறான விடையைக் கற்பித்துக்கொள்வார். நெதர்லாந்தின் இளையோர் அணியில் இடம்பெற்றவர், ஆனால் முதன்மைத் தேசிய அணிக்கு ஒருமுறையும் ஆடாதவர், சட்டம் மாறிய பிறகு பெற்றோரின் நாட்டுக்கு வந்தவர் என்ற மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கம் தனியாகத் தேவைப்படாது. இளையோர் அணியையும் முதன்மை அணியையும் ஒன்றாக எழுதுவது மிகப் பரவலான தவறு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். 21 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம்பெற்றவரை ‘நெதர்லாந்து தேசிய வீரர்’ என்று எழுதுவது, பள்ளிகளுக்கு இடையிலான மாநில அணியில் ஆடியவரைச் சந்தோஷ் டிராபி (மாநில அணிகளுக்கு இடையிலான தேசியப் போட்டி) வீரர் என்று எழுதுவதற்குச் சமம்.

தமிழ்நாட்டின் பிற மாவட்டத்துக்காரர்களை விட நமக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1949 முதல் அதுவரை அவை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும், அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தன. ஆகவே 1950களின் தொடக்கத்தில் நம் கடற்கரையிலிருந்து மாநில அணிக்குத் தேர்வானார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அந்த மாநிலம் தமிழ்நாடாக இருக்க முடியாது. இன்றைய பெயரை அன்றைய நிகழ்வுக்கு ஒட்டாமல், அந்தந்த ஆண்டுக்குரிய பெயரை எழுதி, தேவையானால் ‘இன்றைய குமரி மாவட்டம்’ என்று ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கும் இதே விதிதான். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. ஆனால் அந்த வங்கி அணிக்கு அதற்கு முன் ஆடியவரின் பக்கத்தில் எஸ்.பி.டி. என்ற பெயர்தான் இருக்க வேண்டும்.

சுரிநாமின் பழைய தலைமுறையிலும் ஒரு தடுப்பாட்டக்காரர் இதற்கு உதாரணமாக இருக்கிறார். ஹம்ஃப்ரி மைனால்ஸ் 1930இல் சுரிநாமின் முங்கோ நகரில் பிறந்தவர். சுரிநாம் அணிக்கு ஆடிவிட்டு, நம் மாவட்டம் இணைந்த அதே 1956இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள எலிங்க்வைக் கழகத்துக்குப் போனார். 1960 ஏப்ரல் 3 அன்று பல்கேரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நெதர்லாந்து அணிக்கு ஆடினார். சுரிநாமில் பிறந்து நெதர்லாந்து அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். சுரிநாம் அப்போது தனி நாடு அல்ல, நெதர்லாந்து முடியாட்சியின் ஒரு பகுதி என்பதைச் சொல்லாமல் இரண்டு அணிகளையும் அடுத்தடுத்து எழுதினால் அது ஏதோ கட்சி மாறியது போலத் தோன்றும்.

ஒரு கணத்தைத் தேடுங்கள்

மைனால்ஸை இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பல்கேரிய ஆட்டத்தில் அவர் செய்த ஒரே ஒரு செயல்: கோலுக்குள் போகவிருந்த பந்தை, தலைகீழாகப் பாய்ந்து, தலைக்கு மேலே காலை வீசி வெளியே அடித்தார். நெதர்லாந்து 4–2 என வென்றது. கோல் அடித்தவர்களின் பெயரை மறந்தவர்களுக்கும் அந்த உதை தெரியும். ஸ்டாப்பரின் பக்கத்தை எழுதுபவர் இப்படி ஒரு கணத்தைக் கண்டுபிடிக்கும் வரை பேனாவை எடுக்காமலிருப்பது நல்லது. பொதுவான பாராட்டு நான்கு பத்திகள் செய்யாததை, இடமும் எதிரணியும் தெரிந்த ஒரு கணம் செய்துவிடும்.

அந்தக் கணம் அவரிடம் கேட்டால் கிடைக்காது. நல்ல தடுப்பாட்டக்காரர் பலர் தாங்கள் காத்ததை மறந்துவிட்டு, தங்களைத் தாண்டிப் போன பந்துகளையே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரோடு ஆடிய கோலியை (கோல்கீப்பரை) தேடிப் பிடியுங்கள். தன் முன்னால் நின்றவர் என்ன செய்தார் என்பது கோலிக்குத்தான் தெரியும். அதைவிடவும் நம்பத்தகுந்த சாட்சி எதிரணியின் முன்கள ஆட்டக்காரர். பக்கத்து ஊர்க்காரர், பரம வைரியாக இருந்தவர், ‘அவன் நின்றால் அந்தப் பக்கம் போக முடியாது’ என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு ஆட்டத்தையும் உதாரணம் காட்டினால், அதுவே உங்கள் பக்கத்தின் மையம்.

பேட்டிக்கான காலத்தையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒருமுறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆட்கள் வீட்டில் இருக்கும், மழை காரணமாக வெளியே போகவும் முடியாத அந்த இரண்டு மாதங்கள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. தனியாக ஒருவரைப் பார்ப்பதோடு, ஒரே அணியில் ஆடிய மூவரை ஒன்றாக உட்கார வைத்தும் பேசுங்கள். ஒருவர் சொல்லும் ஆண்டை மற்றவர் மறுப்பார், அந்த மறுப்பிலிருந்துதான் சரியான ஆண்டு வெளிவரும். ‘அண்ணே, உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் வரும். ‘அண்ணே, கார்னர் வரும்போது நீங்கள் எந்தக் கம்பத்தில் நிற்பீர்கள், யாரைப் பிடிப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் எழுந்து நின்று, வீட்டு முற்றத்திலேயே இடம் காட்டத் தொடங்கிவிடுவார்.

தலைமையை எப்படி நிறுவுவது

‘கேப்டன்’ என்ற சொல்லை ஊர் நினைவு மிகத் தாராளமாக வழங்குகிறது. ஆட்ட விதிகளின்படி அணித்தலைவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, நாணயச் சுண்டுதலுக்கு அவர் போவார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லின் கீழ் மூன்று வகைத் தலைமை அடங்கியிருக்கிறது: கழகம் பருவத்துக்கென்று அறிவித்த தலைவர், அவர் ஆடாத நாளில் கைப்பட்டை அணிந்தவர், பட்டை இல்லாமலேயே களத்தில் எல்லோரையும் ஏவியவர். டொங்க்கைப் பற்றி உறுதியாக எழுதக்கூடியது, 2021 கோல்டு கோப்பையில் அவர் சுரிநாமின் தலைவராக இருந்தார் என்பது. அதை வைத்துக்கொண்டு அவர் ஆடிய கழகங்களிலெல்லாம் தலைவராக இருந்தார் என்று நீட்டிவிடக் கூடாது.

அந்தத் தலைமையின் மதிப்பைச் சொல்ல, அணி நின்ற இடத்தைச் சொன்னால் போதும். 2019இல், பெரும்பாலும் உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியே அதே கூட்டமைப்பின் நேஷன்ஸ் லீக் போட்டி வழியாகக் கோல்டு கோப்பைக்கான தகுதியைப் பெற்றுக் கொடுத்துவிட்டது. 2021இல் டீன் கொரே பயிற்சியில் போட்டிக்குப் போன அணியிலோ, தகுதி பெற்றுத் தந்தவர்களும் ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்தவர்களும் கலந்திருந்தார்கள். சுரிநாம் கோல்டு கோப்பையில் ஆடியது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தில் ஜமைக்காவிடம் 0–2 எனவும், இரண்டாவதில் கோஸ்ட்டா ரிக்காவிடம் 1–2 எனவும் தோற்று, மூன்றாவதில் குவாடலூப்பை 2–1 என வென்று, பிரிவில் மூன்றாம் இடத்தோடு வெளியேறியது. ஒரு வெற்றி, இரண்டு தோல்வி என்ற கணக்கு சிறியதுதான். ஆனால் வெவ்வேறு இடங்களில் வளர்ந்தவர்களை ஒரே அரணாக நிறுத்தும் வேலையை, ஐந்து நாட்டு லீகுகளின் அனுபவம் தெரிந்த முப்பத்தைந்து வயது ஸ்டாப்பரிடம் கொடுத்தார்கள் என்பதில் அந்தத் தலைமையின் காரணம் தெளிவாகத் தெரிகிறது. இது என் கருத்து. இப்படிப்பட்ட கருத்தை எழுதலாம், ஆனால் அதற்கு முன்னால் ஆட்ட முடிவுகளை எழுதிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

தோல்விகளை மறைக்காதீர்கள். அதே 2021 ஜூன் 8 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் சுரிநாம் கனடாவிடம் 0–4 எனத் தோற்றது. ஜோனத்தன் டேவிட் மூன்று கோல் அடித்தார். சுரிநாமின் அந்த ஆண்டைப் பற்றி எழுதுபவர் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அணியின் தோல்வியை ஓர் ஆளின் தோல்வியாக எழுதுவதற்கு முன், அன்றைய ஆட்டப் பட்டியலைப் பார்த்து அவர் களத்தில் இருந்தாரா, எத்தனை நிமிடம் இருந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெற்றிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

ஊர்க் கழகத் தலைவர்களுக்கு ஆட்டப் பட்டியல் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாக உதவுபவை குழுப்படம், பரிசளிப்புப் படம், போட்டி நோட்டீஸ், கழகத்தின் கூட்டக் குறிப்பேடு. குழுப்படத்தில் முன்வரிசையின் நடுவில், பந்தையோ கோப்பையையோ வைத்து உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தலைவர். ஆனால் பந்தில் சுண்ணாம்பால் எழுதிய ஆண்டைப் படமெடுத்த ஆண்டாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, கோப்பை வென்ற ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004 சுனாமியில் குளச்சல், மணக்குடி போன்ற ஊர்களில் வீட்டோடு ஆல்பமும் போய்விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே எதிரணியின் ஊரில் போய்ப் படம் தேடுவதே வழி, ஏனெனில் இறுதியாட்டத்தில் இரண்டு அணிகளையும் ஒன்றாக நிறுத்திப் படமெடுக்கும் பழக்கம் இருந்தது.

தாள்கள், தேதிகள், ஓய்வு

ஊர் ஆட்டக்காரர்களின் வாழ்வில் மிகத் துல்லியமான தேதி பெரும்பாலும் கால்பந்தில் கிடைக்காது, வேலையில்தான் கிடைக்கும். ரயில்வே, ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), வங்கி, காவல்துறை என்று ஆட்டத்தால் வேலைக்குப் போனவர்களிடம் நியமன ஆணையும் பணிப்பதிவேடும் இருக்கும். துறை அணியில் அவர் ஆடத் தொடங்கிய பருவத்தை அந்தத் தேதியிலிருந்து கணக்கிடலாம். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ் ஒன்று சொல்லும், திருமுழுக்குப் பதிவேடு வேறொன்று சொல்லும். பதிவேட்டைப் பார்க்க வேண்டுமானால், தூத்தூர் வட்டார ஊர்கள் கோட்டாறு மறைமாவட்டத்தில் அல்ல, திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன என்பதை நினைவில் கொண்டு விசாரிக்கவும். பழைய செய்திகளுக்கு நாகர்கோவில் பதிப்புத் தமிழ் நாளிதழ்களோடு நின்றுவிடாமல், திருவனந்தபுரம் பதிப்பு மலையாள நாளிதழ்களையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் நடந்த போட்டிகளில் நம் ஆட்கள் ஆடிய செய்தி அங்கேதான் வந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களில் மலையாளம் வாசிப்பவர் யாராவது ஒருவர் நிச்சயம் உதவுவார்.

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜம்ஷெட்பூர், ஏ.டி.கே. ஆகிய கழகங்களில் ஆடியதை எழுதுவதற்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. தொலைக்காட்சியும் இணையமும் இருக்கும் காலத்தில் அவர் ஆடினார், அவர் தாக்குதல் ஆட்டக்காரரும்கூட. அவருக்கு இரண்டு தலைமுறை முந்தைய ஸ்டாப்பருக்குத்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

ஓய்வைப் பற்றி ஒரு சொல். தொழில்முறை ஆட்டக்காரரின் முடிவுக்கு மூன்று தேதிகள் இருக்கும்: கடைசியாக ஆடிய ஆட்டம், ஒப்பந்தம் முடிந்த நாள், ஓய்வை அறிவித்த நாள். எதை எழுதுகிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுதினால் குழப்பமில்லை. ஊர் ஆட்டக்காரர் ஓய்வை அறிவிப்பதில்லை. முழங்கால் போய்விடும், அல்லது வளைகுடாவுக்கு விசா வந்துவிடும், அல்லது மகன் அதே இடத்தில் நிற்கத் தொடங்கிவிடுவான். ‘எப்போது ஓய்வு பெற்றீர்கள்’ என்று கேட்காமல் ‘கடைசியாக எந்த ஊர்ப் போட்டியில் பூட்ஸ் கட்டினீர்கள்’ என்று கேட்டால் விடை வரும்.

காயம், மது, குடும்பத் தகராறு, கழகத்தில் நடந்த பணச் சண்டை ஆகியவை பேச்சில் வந்தே தீரும். அவருடைய சம்மதம் இல்லாமல் அவற்றை எழுதாதீர்கள். ஆட்டத்தைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் காயத்தை மட்டும் எழுதினால் போதும். முழங்கால் உடைந்ததால் இரண்டு பருவம் ஆடவில்லை என்பது ஆட்டச் செய்தி, மற்றவை அவருடைய சொந்த விஷயம்.

எழுதி முடித்த பிறகு, கழக நிர்வாகிகளிடம் காட்டுவதற்கு முன்னால், அவருடைய வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள், கோலியையும் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு யார் தலைவர் என்பதில் இருவர் ஒத்துப்போகாமல், எந்தத் தாளும் தீர்ப்புச் சொல்லாவிட்டால், இரண்டு கூற்றையும் யார் சொன்னது என்ற குறிப்போடு அச்சிட்டுவிடலாம். மலர் வந்ததும் ஒரு பிரதியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள். பிற்காலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு கட்டுரை எழுத யாராவது முன்வந்தால், சொந்தக் கழகத்தின் மலரைத் தனி ஆதாரமாக ஏற்க அங்கே தயங்குவார்கள். ஆகவே நாளிதழ்த் துண்டுகளின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் நான்கையும் மலரின் பக்கத்திலேயே படத்தோடு சேர்த்து அச்சிட்டுவிடுங்கள்.